பரண் பெட்டிக்கு வந்த கடிதங்கள்

ஒதியம்பட்டு
9-6-2024

அர்ச்சனாவுக்கு அமிர்தம் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை உன் அம்மா போனில் சத்தம் போட்டுப் பேசும்போது கேட்டுக்கொள்கிறேன். அதனால் தனியாகக் கேட்கவில்லை.

உன்னோடு பேசுவதில்லை என்று நான் சொன்ன சொல் அப்படியே இருக்கிறது. ஒரு வருஷம் மூன்று மாதம் ஆகிறது. எழுதுவது பேச்சு ஆகாது. என் மாமியாரோடு நாலு வருஷம் பேசாமல் இருந்தபோதும், உப்பு தீர்ந்தது புளி தீர்ந்தது என்று அடுப்படிச் சுவரில் கரியால் எழுதித்தான் குடும்பம் நடத்தினேன். ஆகையால் இதைப் பேச்சு என்று எண்ணி நீ சந்தோஷப்பட வேண்டாம்.

விஷயம் இதுதான். நீ படிக்கிற காலத்தில் பரண்மேல் ஒரு கறுப்புப் பெட்டி வைத்தாய். திரை இல்லாதது. வீட்டில் உள்ள கணினிக்கெல்லாம் அதுதான் பெரியதனக்காரன் என்று சொன்னாய். அது பத்து நாளாக வேறு மாதிரி சத்தம் போடுகிறது. முன்பெல்லாம் பூனை மாதிரி உறுமும். இப்போது பல்லி மாதிரி டக் டக் என்கிறது.

உன் அப்பன் கமலக்கண்ணன், "காயலான் கடைல போட்டுடலாம்மா, சும்மா கரண்டு தின்னுக்கினு கெடக்குது" என்கிறான். உன் அம்மா அந்த இடத்தில் கொசுவலை மூட்டையை வைக்கப் போகிறாளாம். எதையும் தூக்கிப்போட பாக்யலட்சுமிக்குக் கை முந்தும். உன் தாத்தா உட்கார்ந்த நாற்காலியை, கருமாதி முடிந்த மூன்றாம் நாள் மாட்டுக்கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டவள் அவள்.

பெட்டி உன்னுடையது. போடலாமா கூடாதா என்று எழுது. எனக்கு அதில் ஒன்றும் இல்லை. உன் தாத்தா அதற்குக் கீழே உட்கார்ந்து அந்த மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

பதிலுக்கு 'அமிர்தம், ஒதியம்பட்டு' என்று போட்டால் போதும். கதவு எண், தெரு என்று மையை வீணாக்காதே. தபால்காரர் குமரவேலுக்கு என்னைத் தெரியும். இந்த உறையில் உன் விலாசத்தை இங்கிலீஷில் எழுதியதும் அவர்தான்.

இப்படிக்கு,
அமிர்தம்,
உத்திராபதி சம்சாரம்

*

கிராகோவ், போலந்து
30-6-2024

அன்புள்ள ஆயாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் மாடி ஏறாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். நான் நன்றாக இருக்கிறேன். நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ சொல்ல மாட்டாய், ஆனாலும் கேட்கிறேன்.

தாத்தா காரியத்துக்கு நான் வராதது உனக்கு ஆறாத கோபம் என்று தெரியும். அப்போது என் பாஸ்போர்ட் இந்த ஊர் சர்க்காரிடம் மாட்டியிருந்தது. கையில் இருந்திருந்தால் நடந்தாவது வந்திருப்பேன். கடைசியாக நான் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு வீடியோவில் கூப்பிட்டபோது நீதான் எடுத்தாய். தாத்தா தூங்குகிறார் என்றாய். எழுப்பச் சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் நினைக்கிறேன். காது கேட்காவிட்டாலும் முகத்தையாவது பார்த்திருப்பார்.

பெட்டியைத் தூக்கிப்போட விடாதே, ஆயா. நம் வீட்டுப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. தாத்தா படங்களும்தான். உள்ளே ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், எல்லாம் அதில்தான் பதிந்திருக்கும். டக் டக் என்றால் அந்தத் தட்டுக்கு ஏதோ நோவு.

என்ன நோவு என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அந்தப் பெட்டி தன் உடம்பைத் தானே சோதித்து, தினமும் ஒரு கடிதம் எழுதி வைக்கும். கூடத்தில் இருக்கும் மடிக்கணினியிலிருந்து அதைப் படிக்கலாம். இங்கிருந்து என்னால் முடியாது. திருடன் நுழையக்கூடாது என்று வெளியிலிருந்து அதற்கு நான் வழியே வைக்கவில்லை. வீட்டுக்குள் இருக்கிறவர்தான் படிக்க முடியும். அப்பாவைப் படித்துச் சொல்லச் சொல்லட்டுமா?

உன் பேத்தி,
அர்ச்சனா

*

ஒதியம்பட்டு
21-7-2024

அர்ச்சனாவுக்கு அமிர்தம் எழுதுவது.

எல்லோரும் சுகம். முழங்காலும் சுகம். வெயில் தணிந்து நேற்று ஒரு மழை.

உன் அப்பனிடம் சொல்லாதே. அவன் படிக்கிறேன் என்று பரண் ஏறி, அப்படியே பெட்டியோடு இறங்குவான். நானே படிக்கிறேன். வில்லியனூர் பள்ளிக்கூடத்தில் நாலாம் கிளாஸ் வரை போனவள். இங்கிலீஷ் புரியாது, ஆனால் எழுத்தின் உருவம் தெரியும். ஒரு தடவை பார்த்த கோலத்தை ஒரு புள்ளி மாறாமல் திரும்பப் போடுகிறவளுக்கு இருபத்தாறு எழுத்து என்ன பெரிய காரியம்?

காரியத்துக்கு வராததா என் கோபம்? பாஸ்போர்ட் சங்கதி எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம். பிரான்சுக்குப் போன என் பெரியப்பா மகன் தன் தாய் செத்ததற்கே வரவில்லை. அவனிடம் நான் இன்றும் பேசுகிறேன். என் கோபம் வேறு. அது என்ன என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறவளுக்கு நான் எடுத்துச் சொல்வதாக இல்லை.

ஆஸ்பத்திரிப் பேச்சை இனி எழுதாதே.

படங்கள் இருக்கிறது என்றாய். பக்கத்து வீட்டு ராஜாமணி மகள் வளைகாப்பில் என்னை ஓரத்தில் நிறுத்திப் பாதி முகம் வெட்டி எடுத்தார்களே, அந்தப் படமும் அதில்தான் இருக்கும். அந்த ஒன்று கெட்டுப்போனால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மற்றது இருக்கட்டும்.

எதை அமுக்க வேண்டும், எது முதலில், எது பிறகு என்று தெளிவாக எழுது. "சும்மா க்ளிக் பண்ணு ஆயா" என்கிற பேச்செல்லாம் வேண்டாம்.

இப்படிக்கு,
அமிர்தம்

*

கிராகோவ்
11-8-2024

அன்புள்ள ஆயாவுக்கு,

நலம். இங்கே கோடைக்காலம், இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. உன் கோபத்தின் காரணத்தை ஒரு வாரமாக யோசிக்கிறேன். எனக்குத் தெரியவில்லை, ஆயா. சத்தியமாகத் தெரியவில்லை.

படிக்கும் முறை:

மடிக்கணினியைத் திறந்து, வலது மூலையில் இருக்கும் பொத்தானை ஒரு தடவை அமுக்கு. வெளிச்சம் வந்ததும் கீழே உருண்டையாக ஒரு நரி சுருண்டு படுத்திருக்கும் படம் தெரியும். அதைத் தொடு. கடிதப் பக்கம் தானாகத் திறக்கும். மேல் கட்டத்தில் என் பெயரைத் தட்ட வேண்டும். தாளின் அடியில் இங்கிலீஷில் பெரிதாக எழுதியிருக்கிறேன், பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டு. கீழ்க் கட்டத்தில் ரகசிய எண். அது உனக்கு மறக்காது. ராஜாமணி அத்தை உன் சிவப்புக் கோழியைப் பிடித்துக்கொண்டு போன நாள், மாதம், வருஷம். எட்டு எண். வீட்டில் அடிக்கடி காதில் விழுந்த தேதி அதுதான், அதனால் வைத்தேன். கோபிக்காதே.

உள்ளே போனால் கடிதங்கள் வரிசையாக நிற்கும். புதியது மேலே, பழையது கீழே. மேலே இருக்கும் நாலைந்தைத் திறந்து, அதில் உள்ள எழுத்தை அப்படியே தாளில் வரைந்து அனுப்பு.

நான் வீட்டில் இருந்தபோது உள் அறையிலிருந்து தினம் இதைப் படித்து, படித்ததை அழித்துவிடுவேன். இங்கே வந்த பிறகு படிக்கவே இல்லை. அந்தக் கடிதங்கள் வீட்டைத் தாண்டி வராது. தாத்தாவும் நானும் விளையாடியதும் இதில்தான், ஞாபகம் இருக்கிறதா? மில் தறிச் சத்தத்தில் அவர் காது போனதால், தமிழில் தட்டக் கற்றுக்கொடுத்து அவருக்கும் ஒரு பெயர் போட்டு வைத்தேன். அவர் கூடத்திலிருந்து "காபி ஆறுது" என்று தட்டுவார், எனக்கு உள் அறையில் வந்து நிற்கும்.

உன் பேத்தி,
அர்ச்சனா

*

ஒதியம்பட்டு
5-9-2024

அர்ச்சனாவுக்கு அமிர்தம் எழுதுவது.

எல்லோரும் சுகம். உன் அம்மாவுக்கு இரண்டு நாள் ஜலதோஷம், கஷாயம் வைத்துக் கொடுத்தேன். நான் கொடுத்ததை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

கோழி போனது 14-6-1998, ஞாயிற்றுக்கிழமை. முட்டை வைக்கிற கோழி. எண்ணைத் தட்டியதும் கதவு திறந்த மாதிரி திறந்துகொண்டது. அந்தக் கோழியால் ஒரு பிரயோஜனமாவது வந்தது.

நான் உட்கார்ந்து தட்டுவதைப் பார்த்து உன் அம்மா, "இன்னா அத்த, இந்த வயசுல கம்ப்யூட்டர் வேலைக்கிப் போவப் போறியா?" என்றாள். "ஆமாண்டி, மொத மாச சம்பளத்துல ஒனக்குக் கொசுவலை வாங்கித் தரேன், போ" என்றேன்.

மொத்தம் தொள்ளாயிரத்துப் பதினாலு கடிதம். மேலே இருந்த ஐந்தைப் பின்பக்கம் வரைந்திருக்கிறேன். முதலில் எல்லாம் ஒன்று என்றுதான் நினைத்தேன். அதே எழுத்து, அதே இடைவெளி. ஆனால் நடுவில் ஒரு எண் மட்டும் மாறுகிறது. ஆகஸ்ட் முப்பத்தொன்றில் 8. செப்டம்பர் இரண்டில் 16. நாலில் 24. வேறு ஒரு கொம்பு, சுழி மாறவில்லை. இந்த எட்டு எட்டாக ஏறுவது நல்லதற்கா கெட்டதற்கா என்று நீ சொல்.

ஒன்று எனக்கு விளங்கவில்லை. தொள்ளாயிரம் கடிதம் எழுதியிருக்கிறது, ஒருத்தரும் படிக்கவில்லை, பதிலும் போடவில்லை. ஆனாலும் விடியற்காலை ஆனால் உட்கார்ந்து எழுதுகிறதே, ரோஷம் கெட்ட பெட்டி! நானாக இருந்தால் இரண்டோடு நிறுத்தியிருப்பேன். ஏழு வரைக்கும் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இன்னொன்று. அந்தக் கடிதங்கள் வீட்டைத் தாண்டி வராது என்று எழுதியிருந்தாய். எல்லாம் உன் பெயரில்தானே இருக்கிறது? உன் பெயரைப் போட்டு ஒருத்தர் ஒரு கடிதம் அனுப்பினால் அது நீ இருக்கிற ஊருக்கு வராதா? இதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுது.

இப்படிக்கு,
அமிர்தம்

*

கிராகோவ்
26-9-2024

அன்புள்ள ஆயாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ வரைந்து அனுப்பியதை என்னோடு வேலை செய்கிறவர்களிடம் காட்டினேன். அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டார்கள். எண் மாறுவதை நீ கண்டுபிடித்தாயே, அதுதான் முக்கியம். தட்டில் படிக்க முடியாமல் போன இடங்களின் கணக்கு அது. ஏறிக்கொண்டே போனால் தட்டு நாள் எண்ணுகிறது என்று அர்த்தம். ஏப்ரலில்தான் எனக்கு லீவு. புதுத் தட்டு கொண்டுவந்து எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறேன். அதுவரை பெட்டியை யாரும் அசைக்க வேண்டாம்.

ஒரு வேலை மட்டும் செய். அந்த எண் முதல்முதலில் எந்தத் தேதியில் வந்தது என்று தெரிய வேண்டும். கடிதங்களைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போய்ப் பார்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: வராது, ஆயா. பெயரை மட்டும் போட்டால் வீட்டுக்குள் இருக்கிறவருக்கு என்று நினைத்து, அந்தப் பெட்டி தன்னிடமே வைத்துக்கொள்ளும். வெளியூருக்கு வர வேண்டும் என்றால் பெயருக்குப் பின்னால் முழு விலாசமும் போட வேண்டும். அனுப்பியவருக்குப் போய்விட்டது என்றுதான் காட்டும். ஆனால் பரணைத் தாண்டியிருக்காது.

அது என்ன ஏழு வரைக்கும்?

உன் பேத்தி,
அர்ச்சனா

*

கிராகோவ்
2-11-2024

அன்புள்ள ஆயாவுக்கு,

தீபாவளிக்குப் புதுப்புடவையை நீ பிரிக்கவே இல்லை என்று அம்மா சொன்னாள். என் கடைசிக் கடிதம் வந்ததா? வந்து மூன்று வாரமாவது ஆகியிருக்குமே.

நீ காலையிலிருந்து மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறாயாம். சாப்பிடக் கூப்பிட்டால் "இரு" என்கிறாயாம். மாட்டுக்கொட்டகையிலிருந்து தாத்தாவின் நாற்காலியை நீயே இழுத்து வந்து, கழுவித் துடைத்துக் கூடத்தில் போட்டாயாம். அம்மா பயந்துபோயிருக்கிறாள்.

தட்டைப் பற்றிக் கவலைப்படாதே. போனால் போகட்டும். உனக்கு உடம்பு சரியில்லையா? ஒரு வரி எழுது.

அர்ச்சனா

*

ஒதியம்பட்டு
4-11-2024

அர்ச்சனாவுக்கு ஆயா எழுதுவது.

நான் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொள்.

அந்த எண் முதலில் வந்தது ஆகஸ்ட் பத்தொன்பது. அதற்கும் கீழே போய்ப் பார்த்தேன். அடி வரைக்கும் பார்த்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். யோசித்து அழகுபடுத்தி எழுதாதே, அன்றைக்கு மனசில் பட்டதை எழுது. நீ வீடியோவில் வரும்போதெல்லாம் உன் தாத்தா வலது கையைத் தூக்கி, விரலைக் குவித்து, காற்றில் இப்படியும் அப்படியும் ஆட்டுவார். நீ உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பாய். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். ஆறு தடவை அப்படி நடந்தது. ஆறு தடவையும் நான் பக்கத்தில் இருந்தேன்.

அவர் என்ன கேட்டார் என்று நீ நினைத்தாய்?

ஆயா

*

கிராகோவ்
25-11-2024

அன்புள்ள ஆயாவுக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். காதை மூடிக்கொள் என்று நீ எழுதியதை நாலு தடவை படித்தேன்.

அந்தச் சைகை நன்றாக ஞாபகம் இருக்கிறது. "ஆபீஸில் எழுத்து வேலை எல்லாம் எப்படிப் போகிறது?" என்று கேட்கிறார் என்று நினைத்தேன். நன்றாகப் போகிறது என்றுதான் கட்டைவிரலைக் காட்டினேன். வேறு எதுவும் தோன்றவில்லை. ஒவ்வொரு தடவையும் அதையே கேட்கிறாரே, என் வேலையைப் பற்றித் தாத்தாவுக்கு எவ்வளவு அக்கறை என்று சந்தோஷப்பட்டேன்.

அது வேறு ஏதாவதா, ஆயா? என்னிடம் சொல்.

அங்கே புயல் வரப்போகிறது என்று செய்தியில் பார்த்தேன். ஜாக்கிரதையாக இருங்கள்.

அர்ச்சனா

*

ஒதியம்பட்டு
15-12-2024

என் கண்ணு அர்ச்சனாவுக்கு ஆயா எழுதுவது.

எல்லோரும் உயிரோடு சுகமாக இருக்கிறோம். புயல் போய் இரண்டு வாரம் ஆகிறது. ஆறு பொங்கி வில்லியனூர்ப் பக்கமெல்லாம் வெள்ளம். நம் வீட்டு வாசல்படி வரை வந்து நின்றது. மூன்று நாள் கரண்டு இல்லை. நாலாம் நாள் கரண்டு வந்தபோது மின்விசிறி சுற்றியது, பெட்டி சுற்றவில்லை. ஐந்தாறு தடவை டக் டக் என்றது. பிறகு அதுவும் இல்லை. நரிப் படத்தைத் தொட்டால் வெறும் வெள்ளைப் பக்கம் வருகிறது. உன் அப்பன் பார்த்துவிட்டு, "அவ்ளோதாம்மா, பூட்டுச்சி" என்றான்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

நீ ஊருக்குப் போன பிறகு உன் தாத்தா உனக்கு ஏழு கடிதம் எழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். என்ன எழுதுகிறார் என்று காட்ட மாட்டார், கையால் மறைத்துக்கொள்வார். ஒரு கடிதத்துக்கு மூன்று நாள் ஆகும். கடைசியில் ஒன்றை அமுக்கிவிட்டு, "பூடுச்சி" என்று சத்தம் போட்டுச் சொல்வார். அவர் குரல் அவருக்கே கேட்காது அல்லவா, தெருவுக்கே கேட்கும். பிறகு பதில் வந்ததா என்று தினம் பார்ப்பார். "போனு போட்டு கேக்கட்டுமா?" என்று நான் கையைக் காட்டினால், "வாணாம், கேட்டு வாங்குனா அது பதிலே இல்ல" என்பார். உன் முகம் போனில் தெரியும்போது மட்டும், எழுதினேனே, வந்ததா என்று கையை ஆட்டிக் கேட்பார். நீ கட்டைவிரலைக் காட்டுவாய். வந்தது, படித்தேன், பதில் போட நேரமில்லை என்று நீ சொல்வதாகத்தான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். இதுதான் என் கோபம். உனக்குத் தெரியும் என்று நினைத்து உன்னிடம் சொல்லவே இல்லை.

நீ சொன்னபடி கீழே கீழே தள்ளிக்கொண்டு போனேன். இங்கிலீஷ், இங்கிலீஷ், இங்கிலீஷ், நடுவில் தமிழில் உத்திராபதி என்று நின்றது. இன்னும் கீழே போனால் இன்னொன்று. ஏழும் இருந்தது. அவர் உட்கார்ந்த இடத்துக்கு நேர் மேலே, கை நீட்டினால் தொடுகிற உயரத்தில், இத்தனை நாளும் இருந்திருக்கிறது. பெட்டி எழுதிய குப்பைக்கு நடுவில், உன் பெயரில், பிரிக்காமல்.

பெட்டி போய்விட்டதே என்று நீ அழ வேண்டாம். ஒரு மாதமாக நான் வேறு என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? ஏழும் எனக்கு மனப்பாடம். தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவர் விட்ட பிழையைக்கூடத் திருத்தவில்லை. முதல் கடிதத்தில், "நீ சொல்லிக்கொடுத்தபடி பேரை மட்டும் போட்டு அனுப்புகிறேன். உள் அறைக்கு வருவதுபோல் அங்கேயும் வரும். குளிரில் காதை மூடிக்கொள், இந்த வீட்டில் ஒரு செவிடு போதும்" என்று எழுதியிருக்கிறார். கடைசிக் கடிதம் முழுவதும் இதுதான்:

"அன்பு அர்ச்சனா, உனக்கு வேலை அதிகம் போல் இருக்கிறது. பதிலுக்கு அவசரம் இல்லை. எனக்காக உன் ஆயா உன்மேல் கோபமாக இருக்கிறாள். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அவள் கோபம் நம் வீட்டுப் பசுமாடு மாதிரி. எவ்வளவு தூரம் போனாலும் பொழுது சாய்ந்தால் தானாகத் திரும்பும். வாசலில் ஒருத்தர் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நான் இல்லாத காலத்தில் நீ நில்."

என்னை மாடு என்று எழுதியதற்கு அவர்மேல் எனக்கு ஒரு முழு நாள் கோபம். யாரிடம் போய்ச் சொல்வது?

இன்னும் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பேச்சை எழுதாதே என்று உன்னிடம் சொன்னேன். இப்போது நானே எழுதுகிறேன். 14-3-2023, செவ்வாய்க்கிழமை, சாயந்திரம் நாலு மணி பத்து நிமிடம். நீ கூப்பிட்டாய். அவர் தூங்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். போனில் வெளிச்சம் வந்ததைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் அவருக்குத் தெரியாதபடி முதுகைத் திருப்பிக்கொண்டு, தூங்குகிறார் என்று உன்னிடம் சொன்னேன். ஏழு கடிதத்துக்கு ஒரு வரி எழுதாதவளுக்கு முகம் என்ன கேடு என்று நினைத்தேன். யார் என்று கேட்டார். யாரோ தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று கையை ஆட்டிக் காட்டினேன். வியாழக்கிழமை போய்விட்டார்.

யார் எனக்குச் செய்த தப்பையும் நான் தேதியோடு சொல்லுவேன். நான் செய்த இதற்கும் தேதி வைத்திருக்கிறேன். நீ என்னோடு பேசாமல் இருக்க வேண்டும் என்றால் அது நியாயம். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். நான் சொல்லிக்காட்ட மாட்டேன்.

உன் ஆயா

*

கிராகோவ்
6-1-2025

ஆயாவுக்கு,

நலம். உன் கடிதமும் ஏழு தாளும் பத்திரமாக வந்தன.

முதலில் தாத்தாவின் தாள்களைப் படித்தேன். பிறகு உன்னுடையதை. உன்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் நீயே பயப்படுவாய். உன் பேத்திதானே நான். அந்தச் செவ்வாய்க்கிழமையை நான் மறக்கப்போவதில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினாலும் நீ நம்பமாட்டாய்.

ஆனால் பேரை மட்டும் போட்டால் போதும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான். விமானம் ஏறும் அவசரத்தில் அதை மாற்றிச் சொல்லிக்கொடுக்காமல் போனதும் நான். உறையின்மேல் ஊர்ப் பெயரும் உன் பெயரும் மட்டும் போட்டால் கடிதம் வீடு தேடி வருகிற ஊரில் எழுபத்தெட்டு வயது வரை இருந்தவர், அவருக்கு எப்படிச் சந்தேகம் வரும்? நீ உன் தேதியை வைத்துக்கொள். நான் என்னுடையதை வைத்துக்கொள்கிறேன்.

பெட்டியை அப்பா காயலான் கடையில் போடட்டும். ஏப்ரலில் வரும்போது வேறு வைக்கிறேன். அதில் உனக்கும் ஒரு பெயர் போட்டுத் தருகிறேன், முழு விலாசத்தோடு.

தாத்தா நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிறேன். நான் எப்போது போன் போடட்டும், ஆயா?

அர்ச்சனா

*

ஒதியம்பட்டு
28-1-2025

கண்ணு அர்ச்சனாவுக்கு,

எல்லோரும் சுகம். பொங்கலுக்கு உன் பங்கு முறுக்கை டப்பாவில் போட்டு மூடியிருக்கிறேன். உன் அம்மா கை வைக்கவில்லை, எண்ணிப் பார்த்துவிட்டேன். பெட்டியைக் காயலான் கடைக்கு அனுப்பவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கட்டும், ஒன்றும் சாப்பிடவில்லையே அது.

பிப்ரவரி இருபத்தைந்து செவ்வாய்க்கிழமை. நம் ஊர் மணி சாயந்திரம் நாலு பத்துக்குக் கூப்பிடு. முகம் தெரிகிற மாதிரி கூப்பிடு.

ஆயா தூங்குகிறாள் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

உன் ஆயா